பிரிட்ஜ் ‘நீடித்துழைக்கும் பொருள்’ என்றால், எத்தனை வருடம் உழைக்க வேண்டும்?

#1 தாமிரபரணியான் (திங்கள், இரவு 9.40)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் புலம்பப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு பிரிட்ஜ் போன வியாழக்கிழமை நின்றுவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறது, குளிர்ச்சி இல்லை. வாங்கி 2 வருடம் 2 மாதம். விலை 34,000. சர்வீஸ் ஆள் வந்து, கதவைத் திறந்து மூடி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, ‘போர்டு போயிருச்சு சார்’ என்றார். புது போர்டு, வரி, வந்து போன கூலி எல்லாம் சேர்த்து 7,800. கதவில் இன்னும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டினேன்: ‘10 வருட வாரண்டி’. அவர் அதற்குக் கீழே கடுகு சைஸில் இருந்த எழுத்தைக் காட்டினார்: ‘கம்ப்ரஸருக்கு மட்டும்’. கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருக்கிறதாம், அதை ஓட்டுகிற போர்டுதான் இல்லையாம். வண்டி நன்றாக இருக்கிறது, மாடுதான் செத்துப்போச்சு என்கிற கதை.

அம்மா வீட்டில் 1994-இல் வாங்கிய 165 லிட்டர் பிரிட்ஜ் 24 வருடம் ஓடியது. இரண்டு தடவை கதவு ரப்பர் மாற்றினோம், ஒரு தடவை கேஸ் ஏற்றினோம். அவ்வளவுதான்.

கடையில் எனக்குக் கொடுத்த கடனுக்குப் பெயர் ‘கன்ஸ்யூமர் டியூரபிள் லோன்’. தமிழ்ப் பத்திரிகைகள் ‘நீடித்துழைக்கும் நுகர்பொருள்’ என்று எழுதுகின்றன. அந்த ‘நீடித்து’ எத்தனை வருடம்? சட்டத்திலோ பொருளாதாரத்திலோ எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா?

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் இழை அந்தப் பக்கம் போய்விடும்.

#2 காயில்கட்டி (திங்கள், இரவு 10.05)

அண்ணா, முதலில் ஒன்று. அந்த ஆள் பின்பக்கம் கழற்றிப் பார்த்தாரா? பார்க்காமல் சொன்னால் அது ஜோசியம். போர்டை போட்டோ எடுத்துப் போடுங்கள்.

#3 தாமிரபரணியான் (திங்கள், இரவு 10.11)

கழற்றவே இல்லை தம்பி. பிரிட்ஜை நகர்த்தக்கூட இல்லை.

#4 பற்றுவரவு (திங்கள், இரவு 10.30)

ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். எங்கள் உலகத்தில் எல்லாவற்றுக்கும் வருடம் எழுதியிருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கம்ப்யூட்டருக்கு 3 வருடம், மேஜை நாற்காலிக்கு 10, பொதுவான இயந்திரங்களுக்கு 15. தேய்மானம் போடுவதற்கான கணக்கு அது. வருமான வரிச் சட்டமோ கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 40 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. அப்படியானால் ஒரு பொருள் எத்தனை வருடம் ஓடும் என்று சட்டத்துக்கு ஒரு எண்ணம் இருக்கத்தான் செய்கிறது. அந்த எண்ணத்தை வாங்குகிறவனுக்காக யாரும் எழுதவில்லை, வரி கட்டுகிறவனுக்காக எழுதியிருக்கிறார்கள்.

#5 கறுப்புப்பலகை (செவ்வாய், காலை 6.20)

கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். தாமிரபரணியான் சார் கேட்டதற்கு நேர் பதில்: அமெரிக்கத் தேசியக் கணக்கில், சராசரியாக 3 வருடமாவது பயன்படும் பொருள் ‘டியூரபிள்’. நம் ஊர் தொழில் உற்பத்திக் குறியீட்டிலும் நீடித்தவை, நீடிக்காதவை என்று நுகர்பொருளை இரண்டாகப் பிரித்து மாதாமாதம் வெளியிடுகிறார்கள்.

ஆனால் பொருளியல்காரன் இந்தப் பிரிவினையைச் செய்வது உங்கள் பிரிட்ஜ் மேல் உள்ள அக்கறையில் இல்லை. அவனுக்கு வேண்டியது வேறு. அரிசியைத் தள்ளிப்போட முடியாது, பிரிட்ஜைத் தள்ளிப்போடலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தால் ஊரே சேர்ந்து ‘பழையது இன்னும் ஒரு வருடம் ஓடட்டும்’ என்று உட்கார்ந்துவிடும். அதனால் மந்தம் வரும்போது முதலில் சரிவது இந்த வகைப் பொருள்தான். நிமிரும்போது முதலில் நிமிர்வதும் இதுதான். உங்கள் பிரிட்ஜ் 2 வருடத்தில் போனது அந்தக் கணக்கில் தெரியாது. நீங்கள் புதிதாக வாங்கினால் அது மட்டும் தெரியும், அதுவும் வளர்ச்சியாக.

#6 ஒளிவட்டம் (செவ்வாய், காலை 8.15)

எல்லாம் திட்டமிட்ட சதி சார். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் எல்லாம் கூடி ‘ஃபீபஸ்’ என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். 1,500, 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணிக்குக் குறைத்தார்கள். அதைவிடக் கூடுதலாக எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் அது கலைந்தது. கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-இல் மாட்டிய பல்பு இன்னும் எரிகிறது. செய்யத் தெரியாமலா இருக்கிறார்கள்?

#7 காயில்கட்டி (செவ்வாய், மதியம் 1.30)

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். பல்பு கதையில் பாதிதான் சரி.

டங்ஸ்டன் இழையை எவ்வளவு சூடாக்குகிறோமோ அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு சீக்கிரம் தேயும். மின்னழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தாலே ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வெளிச்சமும் கூடவே இறங்கும். நம் ஊரில் லோ வோல்டேஜ் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் குண்டு பல்பு எலுமிச்சம்பழம் மாதிரி தொங்கும், வருடக்கணக்கில் ஃப்யூஸ் ஆகாது, அதன் கீழே உட்கார்ந்து படிக்கவும் முடியாது. லிவர்மோர் பல்பும் அந்த ஜாதிதான். 4 வாட் அளவுக்கு மங்கலாக எரிகிறது, அணைப்பதே இல்லை. போட்டு அணைத்தால்தானே இழைக்கு அடி.

அபராதம் போட்டது அயோக்கியத்தனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீண்ட ஆயுள் என்றால் நல்ல பொருள் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

#8 கறுப்புப்பலகை (செவ்வாய், மதியம் 2.10)

தம்பி சொல்வதையே பிரிட்டனின் ஏகபோக விசாரணைக் குழு 1951-இல் விளக்குகள் பற்றிய அறிக்கையில் சொன்னது. ஆயுளும் வெளிச்சமும் ஒன்றை ஒன்று இழுக்கும், எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே ‘சரியான ஆயுள்’ என்று எதுவும் கிடையாது என்று.

சதியைப் பற்றிப் பேசினால் பொருளியலில் இதைவிடச் சுவையான கதை ஒன்று உண்டு. 1972-இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு நாட்டின் நிலம் முழுவதும் ஒரே ஒருவனிடம் இருக்கிறது, நிலம் தேயாத பொருள். அவனால் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியுமா? முடியும் என்றுதான் நமக்குத் தோன்றும். கோஸ் முடியாது என்றார். இன்று கொஞ்சம் நிலத்தை எக்குத்தப்பான விலைக்கு விற்கிறான். மீதி நிலம் கையில் இருக்கிறது. நாளைக்கு அதையும் விற்றால்தான் காசு, அதனால் விலையை இறக்குவான். இது எல்லாருக்கும் தெரியும். அப்போது இன்றைக்கு யார் வாங்குவான்?

புரியவில்லை என்றால் ஆனி மாதக் கடைசியில் ஜவுளிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். ஈ ஓட்டுவார்கள். ஆடித் தள்ளுபடி வரப் போகிறது என்று தெரிந்தவன் இன்று முழு விலை கொடுக்க மாட்டான். நீடிக்கிற பொருளை விற்கிறவன் தன்னுடைய நாளையோடு போட்டி போடுகிறான்.

இதிலிருந்து தப்ப கோஸ் சொன்ன வழிகளில் இரண்டு முக்கியம். ஒன்று, விற்காமல் வாடகைக்கு விடுவது. இன்னொன்று, பொருளைச் சீக்கிரம் தேயும்படி செய்வது. முதல் வழிக்கு வாழ்ந்த உதாரணம் அமெரிக்காவின் யுனைடெட் ஷூ மெஷினரி. செருப்புத் தைக்கும் முக்கிய இயந்திரங்களை விற்கவே மாட்டார்கள், வாடகைக்கு மட்டும். 1953-இல் நீதிமன்றம் தலையிட்டு, வாடகைக்கு விடும் இயந்திரத்தை விலைக்கும் கொடுக்க வேண்டும் என்றது. இன்று வாட்டர் பியூரிஃபையரை மாத வாடகைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வழக்குதான் ஞாபகம் வரும்.

#9 இளிச்சவாயன்அல்ல (செவ்வாய், மாலை 5.00)

சார், கம்பெனிக்காரன் பக்கமும் யாராவது பேசணுமே. 1994-இல் அம்மா வீட்டு பிரிட்ஜ் என்ன விலை? அப்போதைய சம்பளத்தில் எத்தனை மாதம்? இன்று 34,000 ஒரு மாதச் சம்பளம். காசைக் குறைத்துக் கொடுத்துவிட்டு உழைப்பை மட்டும் பழையபடி கேட்டால் எப்படி? அப்புறம், 1994-இல் வாங்கி 2 வருடத்தில் காயலான் கடைக்குப் போன பிரிட்ஜ்களைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை. ஓடிக்கொண்டிருப்பது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது.

#10 தாமிரபரணியான் (செவ்வாய், இரவு 8.45)

நியாயமான பேச்சு. அந்தப் பழைய பிரிட்ஜை நிறுத்திய பிறகு அம்மாவின் இரண்டு மாத கரண்ட் பில் கணிசமாக இறங்கியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 24 வருடம் உழைத்தது, கூடவே தின்றும் தீர்த்தது.

ஆனால் என்னிடம் 2 வருடத்தில் போகும் என்று சொல்லி விலையைக் குறைத்தார்களா? ‘10’ என்றல்லவா எழுதினார்கள். அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு.

#11 அம்மிக்கல் (செவ்வாய், இரவு 9.30)

கும்பகோணத்தில் இருந்து. 71 வயது. படித்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்று சொல்லத் தோன்றியது.

என் மாமியார் அம்மி இன்னும் கொல்லையில் கிடக்கிறது. கல்லுக்கு அழிவில்லை என்று நினைக்காதீர்கள். அரைக்க அரைக்க வழுவழுப்பாகிவிடும், மிளகாய் நழுவும். தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்று ஒரு ஆள் வருவார். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசை பிசகாமல் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டே போவார். கண்ணில் தெறிக்கும் என்று பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார். முடித்ததும் தவிட்டைப் போட்டு அரைத்துக் கழுவினால்தான் கல்துகள் போகும். பித்தளைப் பாத்திரமும் அப்படித்தான், ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் வாசலில் துருத்தி வைத்து ஊதி, நவச்சாரத்தைப் போட்டு, பஞ்சால் ஒரு தேய் தேய்ப்பார், பாத்திரம் வெள்ளியாகிவிடும்.

அந்த இரண்டு பேரும் வராமல் போனதும் அம்மியும் பித்தளையும் பரண் ஏறின. கல் தேயவும் இல்லை, பித்தளை உடையவும் இல்லை.

#12 காயில்கட்டி (செவ்வாய், இரவு 10.15)

அம்மா சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தேன், இவ்வளவு அழகாக வராது.

என் பட்டறைக்கு கிரைண்டர் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: ‘இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும்?’ ‘எங்கே ஓடப் போகுது’ என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை இட்லிக்கு ஆட்டுகிற வீட்டில் 15 வருடம் ஓடுகிற அதே மோட்டாரை, காலை 4 மணியில் இருந்து ஆட்டுகிற மாவுக்கடையில் போட்டால் இரண்டாவது கோடைக்குள் காயில் கருகும். நாம் ‘உழைக்கும்’ என்று சொல்வதே சரியான சொல். பொருள் சும்மா இருந்து கழிக்கும் காலம் உழைப்பு இல்லை. வேலை செய்கிற காலம்தான் உழைப்பு.

சீலிங் பேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் கண்டென்சர்தான். 2.5 மைக்ரோஃபாரட், விரல் நீளச் சாமான், 100 ரூபாய்க்குள் முடியும். மாற்றினால் பேன் இன்னொரு பத்து வருடம் சுற்றும். இப்போது வருகிற பேன்களில் போர்டு இருக்கிறது. கரண்ட் மிச்சம், உண்மை. ஆனால் போர்டு மேல் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈரம் புகாமல் இருக்கத்தான் ஊற்றுகிறார்கள், நானும் உள்ளே புக முடிவதில்லை.

#13 வைகைக்கரை வக்கீல் (புதன், காலை 7.00)

மதுரையில் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘குறைபாடு’ என்பதற்கான வரையறையைப் பாருங்கள், பிரிவு 2(10). தரம், அளவு, வீரியம், தூய்மை, நிர்ணயித்த நியமம் இவற்றில் உள்ள குறை என்கிறது. நீடித்து உழைப்பது என்ற சொல் அதில் இல்லை. 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவு வணிகத் தரம் பற்றிப் பேசுகிறது, அங்கேயும் இல்லை. ‘தரம்’ என்ற சொல்லுக்குள் உழைப்பும் அடக்கம் என்று வாதாடித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு கதவு இருக்கிறது. பிரிவு 2(47), நியாயமற்ற வணிக நடைமுறை. ஒரு பொருளின் செயல்திறன், பலன் அல்லது ஆயுட்காலம் பற்றி, முறையான சோதனை எதுவும் செய்யாமல் பொதுமக்களுக்கு உத்தரவாதம் கொடுத்தால் அது நியாயமற்ற நடைமுறை. சோதித்தேன் என்று சொன்னால் அதை நிரூபிப்பது சொன்னவர் பொறுப்பு. ஆக நம் சட்டம் ‘இத்தனை வருடம் உழைக்க வேண்டும்’ என்று சொல்லாது. ‘இத்தனை வருடம் உழைக்கும் என்று வாயை விட்டால் அதற்குக் கணக்கு காட்டு’ என்று மட்டும் சொல்லும்.

தாமிரபரணியான் சாருக்கு: அந்த ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே படத்தில் தெரியும்படி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.

#14 தாமிரபரணியான் (புதன், காலை 7.25)

எடுத்துவிட்டேன் சார். ‘10’ நாலு சென்டிமீட்டர் உயரம். ‘கம்ப்ரஸருக்கு மட்டும்’ இரண்டு மில்லிமீட்டர். வழக்குப் போட எவ்வளவு செலவாகும்?

#15 வைகைக்கரை வக்கீல் (புதன், காலை 7.50)

5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். வழக்குத் தொடுக்க, வழக்குமூலம் (வழக்குப் போடுவதற்கான காரணம்) எழுந்த நாளில் இருந்து 2 வருடம். அது வாங்கிய நாளா, கோளாறு தெரிந்த நாளா என்பதில்தான் எதிர்த்தரப்பு மல்லுக்கட்டும்.

கசப்பான பகுதி: வாரண்டி முடிந்த பொருளில் தயாரிப்புக் குறை இருந்தது என்று காட்டும் சுமை உங்கள் தலையில். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அனுப்புவதற்குப் பொருள் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் 7,800 கொடுத்து மாற்றி, பழைய போர்டை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால், வழக்கும் அந்தப் பையிலேயே போய்விடும். பழைய போர்டை விடாதீர்கள்.

#16 ஹரோ நகுலன் (புதன், மாலை 4.40)

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே அந்தச் சொல் சட்டத்திலேயே இருக்கு. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், 9-ஆம் பிரிவு. பொருளின் தரத்தைப் பார்க்கும்போது பாதுகாப்பு, தோற்றம் மாதிரி நீடித்துழைப்பையும் பார்க்க வேணும். கடைக்காரன் தந்த உத்தரவாதம் ஒரு வருசம்தான் என்றாலும், இங்கிலாந்தில் 6 வருசம் வரை வழக்கு வைக்கலாம், ஸ்கொட்லாந்தில் 5.

கேட்க நல்லாத்தான் இருக்கும். என்ரை வோஷிங் மெஷின் மூன்றாம் வருசம் டிரம் பேரிங் உடைஞ்சு போச்சு. கடையில் ‘உத்தரவாதம் முடிஞ்சுது’ என்று ஒரே சொல்லில் அனுப்பினார்கள். சட்டத்தின் பெயரைப் போட்டுக் கடிதம் எழுதினதும் குரல் மாறிச்சுது. ஆனால் முதல் 6 மாதம் கழிஞ்சால் குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்று நாங்கள்தான் காட்ட வேணும். தனியார் பொறியாளருக்கு என்ரை காசில் அறிக்கை எடுத்தேன். கடைசியில், மூன்று வருசம் பாவிச்சதுக்குக் கழிச்சு, மிச்சக் காசு தந்தார்கள். அண்ணை, சட்டத்தில் சொல் இருக்கிறது ஒரு பக்கம். அறிக்கை எழுதித் தர ஒரு ஆள் கிடைக்கிறதுதான் பெரிசு.

#17 ஒஸ்லோ மதி (புதன், மாலை 6.05)

நோர்வேயில் வருடத்தையே எழுதிவிட்டார்கள். சாதாரணப் பொருளுக்கு முறையிட 2 வருடம், நெடுநாள் உழைக்க வேண்டிய பொருளுக்கு 5. கைப்பேசி இதில் எந்த வகை என்று சண்டை வந்து, உச்ச நீதிமன்றம் 2007-இல் 5-தான் என்று தீர்த்தது.

#18 லாசப்பல் ரவி (புதன், இரவு 11.20)

பாரிஸில் இன்னும் ஒரு படி மேல். வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்துச் செய்வது 2015-இல் இருந்து குற்றம். 2 வருடச் சிறை, 3 லட்சம் யூரோ அபராதம், பெரிய கம்பெனி என்றால் விற்றுமுதலில் 5 சதவீதம் வரை. ஒளிவட்டம் அண்ணை சந்தோசப்படுவார். ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பதை எப்படிக் காட்டுவது? 2020-இல் ஆப்பிள் 25 மில்லியன் யூரோ கட்டினது அந்தக் குற்றத்துக்கு இல்லை. பழைய ஐபோனின் வேகம் புதிய மென்பொருளால் குறையலாம் என்று வாங்கினவர்களுக்குச் சொல்லாமல் விட்டதுக்கு.

எனக்குப் பிடித்தது கடையில் ஒட்டுகிற மதிப்பெண். 2021-இல் பழுதுபார்க்க எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். 2025-இல் டிவிக்கும் வோஷிங் மெஷினுக்கும் நீடித்துழைப்புக்கே மதிப்பெண் வந்துவிட்டது. விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதியில் வரையறையும் இருக்கிறது: சாதாரணப் பயன்பாட்டில் தனக்குரிய வேலையையும் திறனையும் தக்கவைத்துக்கொள்ளும் தன்மை. காயில்கட்டி தம்பி ‘உழைப்பு’ என்று சொன்னதும் இதுவும் ஒன்றுதானே?

#19 காயில்கட்டி (வியாழன், காலை 6.45)

ஒன்றுதான். ஆனால் ‘சாதாரணப் பயன்பாடு’ என்றால் எந்த ஊர்ச் சாதாரணம்? பாரிஸில் வோல்டேஜ் ஆடுமா? எங்கள் பக்கம் மதியம் 190, நள்ளிரவில் 255 காட்டுகிற வீடுகள் இருக்கின்றன. போர் தண்ணீரில் ஹீட்டர் ராடு ஒரு வருடத்தில் சுண்ணாம்புக் குச்சியாகிவிடும். போர்டில் இருக்கிற ஒருவகை கண்டென்சருக்கு, சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பொதுக் கணக்கு. 25 டிகிரி அறையில் வைத்துச் சோதித்த சாமானைச் சித்திரை மாதத்துத் திருநெல்வேலி சமையலறையில் சுவரோடு ஒட்டி வைத்தால்?

#20 கறுப்புப்பலகை (வியாழன், காலை 9.15)

இதில் என் துறைக்காரர்களுக்கும் ஒரு குட்டு இருக்கிறது. கோஸ் சொன்னதற்கு நேர்மாறாக, அவருக்கு முன்பே, 1970 வாக்கில் பீட்டர் ஸ்வான் என்ற பொருளியலாளர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஏகபோகக் கம்பெனி விலையை ஏற்றலாம், ஆனால் ஆயுளைக் குறைக்க அதற்குக் காரணமே இல்லை என்று. வாங்குகிறவன் பொருளுக்கா காசு கொடுக்கிறான், அது தரும் மொத்த உழைப்புக்குத்தானே, ஆயுளைக் குறைத்தால் கொடுக்கும் விலையும் குறையுமே என்பது வாதம். அழகான கணக்கு. கடையில் நிற்கிறவனுக்கு ஆயுள் தெரியும் என்று அது வைத்துக்கொள்கிறது. அவனுக்குத் தெரிவது நாலு சென்டிமீட்டர் உயர ‘10’ மட்டும்.

#21 தாமிரபரணியான் (சனி, இரவு 7.30)

நடந்ததைச் சொல்கிறேன்.

இன்று பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பிரிட்ஜைச் சுவரில் இருந்து இழுத்து, கீழே பின்பக்க மூடியில் நாலு ஸ்குரூ கழற்றினார். போர்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. வயர் நுழைகிற இடத்தில் ஒரு விரல் போகிற அளவுக்குத் திறப்பு. உள்ளே, போர்டின் மேல் குறுக்காக ஒரு குட்டிப் பல்லி. வால் போர்டுச் சாமான் ஒன்றின் கம்பிக்காலில், வாய் இன்னொரு கம்பிக்காலில். காய்ந்து, கருகி, போர்டோடு ஒட்டியிருந்தது. சுற்றிலும் மிளகு அளவுக்குக் கரி. ‘கம்ப்ரஸர் சூட்டுக்கு வந்து படுக்கும் சார், மழைக்காலத்தில் வாரத்துக்கு ரெண்டு பாக்குறேன்’ என்றார். பல்லியை எடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு ஃப்யூஸ், ஒரு ஐசி சிப், 1,400 ரூபாய். கழற்றிய சாமான்களை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பிரிட்ஜ் ஓடுகிறது.

கம்பெனி எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். ‘பூச்சி, பல்லி, எலியால் வரும் சேதம் வாரண்டி காலத்திலேயே சேராது சார், இப்போது எப்படிச் சேரும்?’ என்றார்கள்.

#22 இளிச்சவாயன்அல்ல (சனி, இரவு 7.50)

பார்த்தீர்களா! மூன்று நாளாகக் கம்பெனியைத் திட்டினோம், செய்தது பல்லி.

#23 அம்மிக்கல் (சனி, இரவு 8.10)

பஞ்சாங்கத்தில் தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பல்லி விழும் பலன் வரிசையாகப் போட்டிருக்கிறான். போர்டில் விழுந்தால் என்ன என்று போடவில்லையே.

#24 தாமிரபரணியான் (சனி, இரவு 8.14)

தன நஷ்டம் அம்மா. 1,400.

#25 வைகைக்கரை வக்கீல் (சனி, இரவு 9.00)

சிரித்து முடித்தாயிற்றா? எனக்கு இது கம்பெனிக்குச் சாதகமாகத் தெரியவில்லை. பல்லி இல்லாத வீடு தமிழ்நாட்டில் எது? இந்த ஊரில் விற்பதற்கென்று செய்த பிரிட்ஜுக்குப் பல்லி எதிர்பாராத விபத்தா, சாதாரணப் பயன்பாடா? வாரண்டி அட்டையிலேயே பல்லி என்று பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் விரல் போகிற ஓட்டையை விட்டிருக்கிறார்கள். அதே கம்பெனியின் வேறு மாடலில் அந்த ஓட்டை மூடியிருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

#26 தாமிரபரணியான் (ஞாயிறு, காலை 11.40)

அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அதே கம்பெனி, 52,000 ரூபாய் மாடல். அண்ணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பரவாயில்லை. வயர் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, எறும்புகூடப் போகாது. டார்ச் அடித்துப் படம் எடுத்திருக்கிறேன். அந்த வளையம் 10 ரூபாய் இருக்குமா?

#27 காயில்கட்டி (ஞாயிறு, மதியம் 12.20)

10 ரூபாயா? அது 3 ரூபாய் அண்ணா. கோவை வந்தால் ஒரு கைப்பிடி அள்ளித் தருகிறேன்.

#28 வைகைக்கரை வக்கீல் (ஞாயிறு, மதியம் 12.45)

இரண்டு படத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்செடுங்கள். பில், ஸ்டிக்கர் படம், மெக்கானிக் ரசீது, அந்தக் கவர், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 1915 புகார் எண் வந்ததா?

#29 தாமிரபரணியான் (ஞாயிறு, இரவு 8.30)

வந்தது சார். நாளைக்கு நோட்டீஸை நானே எழுதி உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன், திருத்திக் கொடுங்கள். இப்போதைக்கு மெக்கானிக் அந்த ஓட்டையில் பழைய கொசுவலையை நாலாக மடித்து, டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் காசு வாங்கவில்லை.